புதன்கிழமைத் தண்ணீர்

சீடன் என்றால் சின்னப் பையன் இல்லை. எசக்கியப்பனுக்கு நாற்பத்தைந்து வயசு, பேரூராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வேலை. குரு நிலோஃபருக்கு அதில் பாதி வயசு. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்தவள். அவர்தான் அவளை 'குருவே' என்று கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்கு. அப்புறம் நிஜமாகவே.

புதன்கிழமை, காலை ஆறரை. கீழத்தெருவுக்கு வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் தண்ணீர். வால்வைத் திறப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர். திறக்கவில்லை. கையால் திருப்பும் சக்கரத்தை எப்போதோ கழற்றிப் போட்டாச்சு. ஏழு மணிக்கு மோட்டார் நின்றால் இனி அடுத்த புதன்தான்.

ஆபீஸ் வாசல் முழுக்கக் குடங்கள்.

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்குடுத்தீராமே! தண்ணி விடவும் சொல்லிக்குடுக்க வேண்டியதுதானே?" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து கத்தினாள் கீழத்தெருப் பேச்சித்தாய்.

சொல்லிக்கொடுத்தது உண்மைதான். நேற்றுச் சாயங்காலம்தான் அவர் கம்ப்யூட்டரின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தார். தேதி, மாதம், கிழமை, எல்லாம் தமிழ். ஆபீஸே கைதட்டியது.

"குருவே, பழையபடி இங்கிலீஷுக்கே மாத்திடவா?"

நிலோஃபர் வால்வு புரோகிராமைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள்.

"வாசிங்க அண்ணாச்சி."

"இன்னைக்கு என்ன கிழமைன்னு கம்ப்யூட்டரைக் கேக்குது. 'வெட்னஸ்டே'ன்னு பதில் வந்தா வால்வைத் திறக்கணும்."

"கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்லுது?"

"புதன்." தலையில் கைவைத்தார். "அட, சரியாத்தானே சொல்லுது!"

குரு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பேச்சித்தாய் அக்கா! திங்கள்ல இருந்து எண்ணினா இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"மூணாவது. இதுக்குத்தான் படிச்சீங்களா? தண்ணியை விடு தாயி!"

குரு 'வெட்னஸ்டே'யை அழித்தாள். கிழமையின் பெயரைக் கேட்காதே, எண்ணைக் கேள், மூன்று என்று வந்தால் திற என்று எழுதினாள். என்டரைத் தட்டினாள்.

வால்வு உறுமியது. குழாய் இருமியது. அப்புறம் கொட்டியது பாருங்கள், தெருவே கூச்சல் போட்டது! இன்னும் கால் மணி நேரம் இருந்தது. குடங்கள் ஓடின.

எசக்கியப்பனுக்கு மட்டும் பயம் போகவில்லை.

"குருவே, எதுக்கும் திரையை இங்கிலீஷுக்கே மாத்திடுதேன். தமிழ வச்சா நாளைக்கு வேற வம்பு வந்துரும்."

"அந்தத் திரையை வாசிக்கிறது யாரு அண்ணாச்சி? நீங்களா, வால்வா?"