கிளிஞ்சல் தீவின் கூழைக்கடா

முன்னொரு காலத்திலே, கடலுக்கு உப்புப் போட்டு முடித்துக் கொஞ்ச நாளே ஆகியிருந்தபோது, தெற்கே கிளிஞ்சல் தீவு என்றொரு தீவு இருந்தது. வருஷம் முழுக்க வெயில், வருஷம் முழுக்கக் காற்று, எங்கே திரும்பினாலும் தென்னை. அந்தத் தீவில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. எண்ணிக்கொள்ளுங்கள். மேற்கே பவழக்குளம். நடுவே நடனக்கல் மண்டபம். கிழக்கே ஊதுபாறை. மூன்றே மூன்று! இந்த மூன்றை ஒழுங்காகப் பார்க்க மனுஷப் பிறவிகளுக்குத் துப்பில்லாமல் போனதால் ஒரு நல்ல பெண் ஏழு வருஷம் பட்ட பாட்டை நினைத்தால், எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் பெயர் உலகம்மா. அவள் புருஷன் மாடக்கண்ணு. தீவுக்கு வருகிறவர்களைப் படகிலிருந்து இறக்கி, மூன்று இடத்தையும் காட்டி, பத்திரமாகத் திரும்ப ஏற்றிவிடுவது இருவருக்கும் தொழில். மாடக்கண்ணு நல்லவன்தான். ஆனால் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரியே நிற்பான். "பார்த்தாச்சா? நேரமாச்சு! நடங்க, நடங்க!" இதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு பேச்சு வராது.

ஒருநாள் ஊன்றுகோலோடு ஒரு கிழவர் வந்தார். பவழக்குளத்தில் குனிந்தார். "நேரமாச்சு, நடங்க!" என்றான் மாடக்கண்ணு. மண்டபத்தில் நிமிர்ந்தார். "நேரமாச்சு, நடங்க!" ஊதுபாறையில் உட்காரப் போனார். "நேரமாச்சு, நடங்க!" என்று தோளைத் தொட்டுத் திருப்பினான். அப்போதுதான் கிழவரின் கண்ணைப் பார்த்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, வந்தவர் சாதாரணக் கிழவர் இல்லை, மந்திரவாதி.

"நூறு காதம் கடந்து வந்தேன். ஒன்றையாவது பார்க்க விட்டாயா?" என்று ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டு தட்டினார். மாடக்கண்ணு இருந்த இடத்தில் பெரிய கூழைக்கடா ஒன்று நின்றது. நீளமான அலகு, தொங்குகிற தொண்டைப்பை, வெள்ளை இறக்கையில் மூன்று கறுப்பு இறகு.

"மனுஷர் ஒருவர், ஒரே நாளில், இந்த மூன்று இடத்தையும் அவசரமில்லாமல், வேறு நினைப்பில்லாமல் கண்ணாரப் பார்க்கட்டும். ஓர் இடத்துக்கு ஓர் இறகு உதிரும். மூன்றும் உதிர்ந்தால் நீ மனுஷன். ஒன்று நின்றுவிட்டாலும் உதிர்ந்ததெல்லாம் மறுநாள் முளைத்துவிடும். ஏழு வருஷம் கெடு. ஏழாம் வருஷம் இதே நாள் சூரியன் மறைந்தால் பேச்சும் போய், நினைப்பும் போய், சாகும்வரை நீ பறவைதான்." சொல்லிவிட்டுக் கிழவர் காற்றில் கரைந்துபோனார்.

உலகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு இடத்தைப் பார்க்கணும், அவ்வளவுதானே? அதுக்குத்தானே எல்லாரும் வர்றாங்க! கவலைப்படாதீங்க" என்றாள்.

பாவம், அவளுக்கு மனுஷர்களைப் பற்றி என்ன தெரியும்!

வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வியாபாரி பவழத்தைச் சுட்டால் எத்தனை படி சுண்ணாம்பு தேறும் என்று கேட்டான். ஒரு பண்டிதர் மண்டபத்தைக் கட்டியது யார் என்ற சண்டையில் கடைசிவரை தலையையே தூக்கவில்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று மூன்று இடத்திலும் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு அம்மாள் குளத்தைப் பார்த்தாள், ஓர் இறகு உதிர்ந்தது. மண்டபத்தைப் பார்த்தாள், இன்னோர் இறகு உதிர்ந்தது. ஊதுபாறைக்கு வந்து, தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினாள். உலகம்மா கரடியாகக் கத்திப் பார்த்தாள். ம்ஹூம்! மறுநாள் இரண்டு இறகும் திரும்ப முளைத்துவிட்டன. உங்களுக்குக் கோபம் வருகிறதா இல்லையா? எனக்கு வருகிறது.

இப்படியே ஏழு வருஷம் ஓடியது. கடைசி நாளும் வந்தது.

அன்று காலையில் கூழைக்கடா சொன்னது: "ஏ உலகு, நம்ம வீடு எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு புள்ள. பச்சை மீனைப் பார்த்தா நாக்குல தண்ணி ஊறுது. பயமா இருக்கு."

உலகம்மா அதன் இறக்கையைத் தடவிக்கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கடலில் ஒரு பாய்மரம் தெரிந்தது. இளவரசன் சூரசிங்கன் வருகிறான்! கூடவே அவனுடைய ஓவியனும் பெரிய பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இருவரும் மேற்குக் கரையில், பவழக்குளத்தின் பக்கத்திலேயே வந்து இறங்கினார்கள்.

"இளவரசே, இதோ பவழக்குளம்" என்றாள் உலகம்மா. "மெதுவாப் பாருங்க. உள்ளே சிவப்பு, மஞ்சள், ஊதா..."

இளவரசன் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இடுப்பில் கையை வைத்தான். "ம், வரை!" என்றான். ஓவியன் வரைந்தான்.

"இளவரசே, குளம் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு."

"எனக்குத் தெரியும். படத்தில் வந்துவிடும், அரண்மனைக்குப் போய்ப் பார்த்துக்கொள்வேன். பார்த்தாச்சு, அடுத்தது!"

ஓர் இறகும் உதிரவில்லை.

அடுத்தது நடனக்கல் மண்டபம். நூறு தூண், தூணுக்கு ஒரு நடனப் பெண். இளவரசன் ஒரு தூணில் சாய்ந்து முதுகைக் காட்டினான். "ம், வரை! பார்த்தாச்சு, அடுத்தது!"

"ஒரே ஒரு தடவை திரும்புங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"திரும்பினால் முடி கலைந்துவிடும்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

மூன்றாவது ஊதுபாறை. கீழே கடல் பாறைக்குள் புகுந்து, மேலே ஒரு துளை வழியே பனைமர உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் இடம். இளவரசன் அதற்கும் முதுகைக் காட்டினான். ஓவியன் வரைந்து காட்டினான். இளவரசன் முகத்தைச் சுளித்தான்.

"தண்ணீர் என் கிரீடத்தைவிட உயரமாக இருக்கிறதே! குறைத்து வரை."

அவ்வளவுதான். உலகம்மாவுக்குள்ளே ஏழு வருஷமாக அடக்கிவைத்த பொறுமை படாரென்று உடைந்தது.

"போங்கய்யா! நீங்களும் வேண்டாம், உங்க படமும் வேண்டாம்! தலை இருக்கு, அதுல கண்ணு இருக்கு, அதைத் திருப்ப மட்டும் முடியாதா? போங்க, நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் காட்டப் போறதில்லை!"

பாறைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சும்மா எதிரே பார்த்தாள். பாறைக்கு அடியில் கடல் உறுமியது. தண்ணீர் எழும்பியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, வெயிலில் ஏழு நிறமும் காட்டிவிட்டு அவள் முகத்தில் சிதறி விழுந்தது. மறுபடி எழும்பியது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி. 'அட, இது இப்படியா இருக்கும்!' என்று வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கறுப்பு இறகு உதிர்ந்தது.

கூழைக்கடா அலறியது: "ஏ உலகு! இறகு விழுந்திடுச்சு! நீ பார்த்ததுக்கு விழுந்திருக்கு!"

ஆமாம், மனுஷர் என்றுதானே கிழவர் சொன்னார்? உலகம்மாவும் மனுஷிதானே? ஆனால் ஏழு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் வந்தவர்களின் முகத்தை. பார்க்கிறார்களா, பார்க்கிறார்களா என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊர் மலையில் நீங்கள் கடைசியாக ஏறியது எப்போது? சரி, கதைக்கு வாருங்கள்.

சூரியன் உச்சி தாண்டி நன்றாகச் சாய்ந்திருந்தது. இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றால் செல்லாது, அவசரம் கூடாதே! உலகம்மா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். இளவரசனும் ஓவியனும் முணுமுணுத்தபடி பின்னாலேயே வந்தார்கள். வேறு வழி? அவர்கள் கப்பலைப் பவழப் பாறைகளுக்கு நடுவே வழிகாட்டி வெளியே கொண்டுபோக அவளை விட்டால் ஆளில்லை.

மண்டபத்துக்கு வந்தாள். முதல் தூண், இரண்டாம் தூண், மூன்றாம் தூண்...

"சீக்கிரம் பாரு புள்ள! நேரமாச்சு!" என்றது கூழைக்கடா.

உலகம்மா திடுக்கிட்டாள். கண் கல்லில் இருந்தது, நினைப்போ சூரியனுக்கு ஓடிவிட்டது. மறுபடி முதல் தூணிலிருந்து தொடங்கினாள்.

"ஐயோ, திரும்பவும் முதல்ல இருந்தா? நேரமாச்சுடி!"

"யோவ்!" என்று திரும்பினாள் உலகம்மா. "இந்த வாயாலதானே உனக்கு இந்த அலகு வந்துச்சு? இன்னும் ஒரு தடவை நேரமாச்சுன்னு சொன்னே, நான் வீட்டுக்கு உலை வைக்கப் போயிடுவேன். நீ மீனைத் தின்னுக்கிட்டு கிட!"

கூழைக்கடா அலகைக் கெட்டியாக மூடிக்கொண்டது. உலகம்மா பார்த்தாள். நூறு பெண்களுக்கும் நூறு முகம். ஒருத்தி காலில் முள் தைத்ததைக் காட்டாமல் ஆடுகிறாள். ஒருத்தி பக்கத்துத் தூண்காரி தாளம் தப்பியதைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறாள். உலகம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது இறகு உதிர்ந்தது.

பவழக்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. உலகம்மா மேற்கைப் பார்க்கவில்லை. முழங்காலிட்டுத் தண்ணீருக்குள் குனிந்தாள்.

"ஏ பெண்ணே, இருட்டுவதற்குள் கப்பலை எடுக்க வேண்டும். என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று இளவரசன் அதட்டினான்.

கூழைக்கடா வந்து அவன் கிரீடத்தைக் கவ்வித் தொண்டைப்பைக்குள் போட்டுக்கொண்டது. இளவரசன் கத்த வாயைத் திறந்தான். அலகு அவன் மூக்குக்கு நேராக வந்தது. வாயை மூடிக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்தான். ஓவியனும் உட்கார்ந்தான்.

பவழங்களுக்கு நடுவே விரல் நீள மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஊதா நிறத்தில் ஒரு பொந்து. உள்ளே ஏதோ நீலமாக அசைந்தது. உலகம்மா இன்னும் குனிந்தாள். தண்ணீரில் வெளிச்சம் குறைவது அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க," என்று தலையைத் தூக்காமலே கேட்டாள், "நேரம் இருக்கா?"

கூழைக்கடா மேற்கே பார்த்தது. சூரியன் நகக்கண் அளவுதான் மிச்சம். அதுவும் கரைகிறது. அவன் உயிர், அவன் பேச்சு, அவன் வீடு, அவன் பெண்டாட்டி, எல்லாம் அந்த நகக்கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆயுசு முழுக்க ஒரே வார்த்தை சொன்ன வாய் அது. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. கிரீடத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"நிறைய இருக்கு புள்ள," என்றான். "நீ மெதுவாப் பாரு."

உலகம்மா நிம்மதியாகக் குனிந்தாள். பொந்துக்குள்ளிருந்து நீல மீனின் மூக்கு எட்டிப் பார்த்தது. அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

மூன்றாவது இறகு உதிர்ந்தது. சூரியன் மறைந்தது.

கரையில் மாடக்கண்ணு நின்றான். தலையில் கிரீடம் கோணலாக உட்கார்ந்திருந்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டினான்.

"உலகு! நான் வந்துட்டேன் புள்ள!"

"சத்தம் போடாதீங்க," என்று முனகினாள் உலகம்மா, தலையைத் தூக்காமல். "இந்த நீல மீன் முழுசா வெளியே வரட்டும்."

அவன் நின்றான். வாயைத் திறக்காமல் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தானும் தண்ணீருக்குள் பார்த்தான். அவன் பிறந்து வளர்ந்த தீவு, அன்றுதான் பார்த்தான். எதிர்க்கரையில் இளவரசனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரீடத்தைக் கேட்க வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

மீன் வெளியே வந்தது. மயில்கழுத்து நிறம், முழுசாக.

அப்புறம்தான் உலகம்மா திரும்பிப் புருஷனைக் கட்டிக்கொண்டு, ஏழு வருஷ அழுகையையும் சேர்த்து அழுதாள். அவர்கள் அந்தத் தீவில் நெடுநாள் வாழ்ந்தார்கள். கதை கேட்ட நீங்களும் நன்றாக வாழுங்கள், கொஞ்சம் கண்ணைத் திறந்துகொண்டு.