மிளகியின் சுரைக்குடுக்கை

கிட்ட வந்து உட்காருங்கள். இது ஈரக் கதை, தள்ளி உட்கார்ந்தால் குளிரும்.

முன்னொரு காலத்தில், மழை மறந்துபோன ஒரு மலைச்சீமையில் மிளகி என்று ஒருத்தி இருந்தாள். அந்த ஊரில் எல்லை தாண்டிப் போகிறவர்கள் விதைமொச்சையைச் சுரைக்குடுக்கையில் போட்டு, தேன்மெழுகால் வாயடைத்து, இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். திரும்பி வரமுடியாமல் போனால் போன இடத்தில் விதைக்கலாம் அல்லவா, அதற்காக.

ஒரு வருஷம் ஊற்றும் வற்றிவிட்டது. வடக்கே ஒரு மலையிடுக்கில் மட்டும் எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அங்கே போன யாரும் திரும்பியதில்லை. வேறு வழியில்லாமல் மிளகியும் அவள் கூட்டாளிகள் ஒண்டியனும் வேம்பியும் இறங்கினார்கள்.

"குடுக்கையும் கையுமா வந்திருக்கா பாரு. இங்கேயே குடித்தனம் வைக்கப்போறா போல," என்றான் ஒண்டியன். அவனும் வேம்பியும் பாரமென்று தங்கள் குடுக்கையை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்கள்.

உள்ளே பகலே மங்கல். காலடியில் பாசி வழுக்கியது. சொட்டு, சொட்டு, சொட்டு. வழிநெடுக ஆளுயரக் கற்கள். கடைக்கோடியில் ஒரு குளம், அதன் நடுவில் பாறை மாதிரி ஒரு தவளைப் பூதம்.

"குளிருது. காய்ஞ்சது ஒண்ணு குடு, தண்ணிய அவுத்து விடுறேன். இல்லேன்னா கல்லாப் போ."

ஒண்டியன் தலைத்துண்டை நீட்டினான். துண்டு சொட்டியது. கல்லாய்ப் போனான்.

வேம்பி மடியிலிருந்த அவலை எடுத்தாள். எடுக்கும்போதே ஊறிப்போனது. "ஓடிருடி மிளகி," என்றவள் அப்படியே கல்லாய்ப் போனாள்.

மிளகி மெழுகில் நகத்தை வைத்தாள். மேலே பார்த்தாள். சொட்டு, சொட்டு, சொட்டு. நகத்தை எடுத்துவிட்டாள்.

"திறந்து காட்டு," என்றது பூதம்.

"திறந்தா நனைஞ்சிரும் சாமி. காதைக் குடு."

குலுக்கினாள். கலகல.

"இன்னொரு தரம்."

கலகல.

மூன்றாம் தரம் பூதம் அழுதது. "காய்ஞ்ச மொச்சை. எங்க களத்துல கேட்ட சத்தம். தாகம்னு வந்தவனை விரட்டினேன் தாயி. அன்னிலேருந்து நனையுறேன்."

தவளைத்தோல் கழன்று ஒரு கிழவன் எழுந்தான், நீராவியாய் மறைந்தான். தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது. ஒண்டியனும் வேம்பியும் இருமிக்கொண்டே கண் விழித்தார்கள்.

பழைய கற்கள் எழவில்லை. சொட்டுத் தண்ணீர் அவற்றின் முகத்தைத் தின்று ரொம்பக் காலமாகியிருந்தது.

மிளகி மெழுகை உடைத்தாள். திரும்புகிற வழியெல்லாம், முகமில்லாத ஒவ்வொரு கல்லின் காலடியிலும் குனிந்து ஒரு மொச்சையை ஊன்றினாள்.