கரிச்சான் துடைக்காத சேறு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள், எங்கள் தெருவுக்கு எருமைப்பால் ஊற்றிய ரெங்கம்மாள். என் இரண்டாவது மகன் மாவட்டக் கபடியில் கடைசி ஆட்டத்தில் தோற்று வந்த வருஷம் அது. முந்தின நாள்வரை "நம்ம பையன், நம்ம பையன்" என்று வாசலில் நின்ற தெரு, அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. நான் சாமி விளக்கின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரெங்கம்மாள் பால் தூக்கை இறக்கி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

மாடும் குருவியும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிய காலமாம். ஒரு கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. வடகரைக்காரர்களும் தென்கரைக்காரர்களும் அதற்கு அடித்துக்கொண்டார்கள். கடைசியில் பந்தயம் வைத்தார்கள். கரைக்கு ஒரு மாடு ஏரியைச் சுற்றி ஓட வேண்டும். ஜெயித்த கரைக்கு மழை வரும்வரை குட்டை சொந்தம். தோற்ற கரை வெகுதூரம் நடந்து ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக்கொள்ள வேண்டும்.

வடகரைக்கு ஒரு செவலைக் காளை. தென்கரைக்கு ஓர் எருமை. அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள் செங்காயி, கைக்குழந்தைக்காரி.

எருமை பக்கம் என்பதற்கு அடையாளமாக, அது புரண்ட சேற்றை எடுத்துத் தென்கரையில் எல்லோரும் பூசிக்கொண்டார்கள். மைனா பூசியது, ஆடு பூசியது, அணில்கூடப் பூசியது. செங்காயி தன் நெற்றியில் வைத்து, பிள்ளை நெற்றியிலும் வைத்தாள். கரிச்சான் அப்போது சாம்பல் நிறக் குருவி. அது ஆசை தாங்காமல் சேற்றிலேயே விழுந்து புரண்டது.

"பூசச் சொன்னா குளிக்கிறியே!" என்று மைனா சிரித்தது.

எருமை மெதுவாகக் கேட்டது: "ஆத்தா, விடியல்லயே ஓடிடறேன். எனக்கு வெயில் ஆகாது."

"நல்லா இருக்கே! நாம ஜெயிக்கிறதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? உச்சி நேரத்துக்குத்தான் கூட்டம் வரும்," என்றாள் செங்காயி.

"ஆமாம், நாம ஜெயிக்கிறதைப் பார்க்கணும்!" என்றது தென்கரை முழுதும்.

உச்சி வெயிலில் ஓட்டம். முதல் பாதியில் எருமைதான் முன்னால். "நம்ம எருமை! நம்ம எருமை!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு எருமைக்கு வாயில் நுரை தள்ளியது. கால் பின்னியது. காளை தாண்டிப் போய்விட்டது. எருமை பாதியில் விட்டுவிடவில்லை, தள்ளாடி நடந்தே எல்லையைத் தொட்டது. அங்கே கரிச்சானைத் தவிர ஒருவருமில்லை.

தென்கரைக்காரர்கள் எல்லோரும் தண்ணீர் கேட்டுக் குட்டைக்குப் போயிருந்தார்கள். காளை வழியில் நின்று, "நீ யார் பக்கம்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டது. மைனா நெஞ்சிலிருந்த சேற்றை மரப்பட்டையில் தேய்த்துவிட்டு வந்து, "எப்பவும் செவலை அண்ணன் பக்கம்தான்," என்றது. ஆட்டுக்கு அதுவும் போதவில்லை. "எப்படி ஓடினோம் பார்த்தீங்களா!" என்றது.

செங்காயி முறை வந்தது. பிள்ளைக்கு நாக்கு வறண்டு, அழக்கூடச் சத்தம் வரவில்லை. அவள் முந்தானையால் இரண்டு நெற்றியையும் துடைத்தாள்.

"அந்த எருமை உன்னுதுதானே?"

"அது யாரு எருமையோ, எனக்கென்ன தெரியும்?"

அப்போதுதான் எருமை அவள் பின்னால் வந்து நின்றது.

நானும் பெற்றவள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எருமை ஆற்றுப் பக்கம் திரும்பியது. அதன் முதுகில் கரிச்சான். மைனா பறந்து வந்து கரிச்சானின் வாலைப் பிடித்து இழுத்தது. "இறங்குடா பைத்தியமே! தோத்தவ முதுகுல உனக்கென்ன வேலை? சேத்தைத் துடைச்சுட்டு வா, தண்ணி குடிக்கலாம்."

"ஜெயிச்சிருந்தா இதே முதுகுலதானே ஆடியிருப்பேன்? வரலை, போ!"

மைனா விடாமல் இழுத்ததில் வால் இரண்டாகப் பிளந்தது. வெயிலில் சேறு காய்ந்து இறகோடு ஒட்டிப்போனது.

நாலாம் நாள் மழை கொட்டி ஏரி நிரம்பியது. செங்காயி ஒரு கட்டுப் புல்லோடு எருமையைத் தேடி வந்தாள். கிட்டே போகக் கூச்சப்பட்டுத் தூரத்திலேயே நின்றாள். எருமைதான் முதலில் பேசியது.

"ஆத்தா, அன்னிக்குப் பிள்ளைக்குத் தண்ணி கிடைச்சுதா?"

செங்காயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எருமை புல்லைத் தின்றது.

கரிச்சான் கறுத்ததும், வால் கவட்டையானதும், எருமை முதுகை அது விடாததும் அந்தக் கோடையிலிருந்துதானாம். ஜெயித்தால் "நாம" என்றும் தோற்றால் "அவங்க" என்றும் நம் வாய் தானாகத் திரும்புவதும் அந்தக் குட்டைக் கரையில் வந்த பழக்கம்தான். தாகத்தில் தொற்றியது, தாகம் தீர்ந்த பிறகும் போகவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் எந்தப் பிள்ளையாவது தோற்று வந்தால், கதவைத் திறந்து, "நாம தோத்துட்டோம்பா, வா, ஒரு வாய் தண்ணி குடி," என்று சொல்லுங்கள்.