பழைய பதிப்பை எப்போது நீக்கலாம்

ஞானையாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மெர்சலினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மென்பொருள் எழுதுவதில் அவள்தான் அவருக்கு ஆசிரியை.

நாட்டுப்படகு மீனவர்களின் கைபேசிகளுக்கு அவர்கள் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தார்கள். வரைபடம், மீன் விலை, காற்று எச்சரிக்கை என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பகுதி. வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் ஞானையா, தானே எழுதிய புதிய எச்சரிக்கைப் பகுதியை எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்பினார். சற்று நேரத்தில் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது. படகுகளில் அந்தப் பகுதி திறந்தவுடனே மூடிக்கொள்கிறதாம். வெளியே காற்று வலுத்துக்கொண்டிருந்தது.

“தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன், மேடம். அரை மணி நேரம் குடுங்க, சரிபண்ணி அனுப்பிடுறேன்.”

“பழைய பதிப்பையே மறுபடி அனுப்புங்க, அண்ணே.”

“ஒரே ஒரு வரிதான். இதுக்குப் போய்ப் பழசுக்குத் திரும்பினா அசிங்கமில்லையா?”

“உங்ககிட்ட அரை மணி நேரம் இருக்கு. படகுல இருக்கிறவங்ககிட்ட இருக்கா?”

ஞானையா பழையதை அனுப்பினார். அது ஒழுங்காகத் திறந்தது. ஆனால் ‘எந்தக் கடற்பகுதி?’ என்று கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. மீனவர்கள் முன்பே பதிந்து வைத்திருந்த கடற்பகுதி விவரத்தைப் புதிய பதிப்பு தன் முறைப்படி மாற்றி எழுதிவிட்டிருந்தது. பழையதால் அதைப் படிக்க முடியவில்லை.



மெர்சலின் உடனே தொலைபேசியை எடுத்தாள். துறைமுகத்தை அழைத்து, வயர்லெஸ்ஸில் படகுகளைக் கூப்பிடச் சொன்னாள்.

மதியத்துக்குள் எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு படகு மட்டும் வலையை இழுக்க நேரமில்லாமல் அறுத்துவிட்டு வந்தது. ஞானையா நேரில் போய் அந்தப் படகுக்காரரிடம் தன் தவறைச் சொல்லிவிட்டு வந்தார். படகுக்காரர் என்ன சொன்னார் என்று மெர்சலின் கேட்கவில்லை.

அதன்பிறகு ஞானையா எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். புதிய பதிப்பு எதையும் தொடுவதற்கு முன், பழையதன் பதிவுகளைப் பிரதியெடுத்துத் தனியே வைக்கும்படி செய்தார். தன் கைபேசியிலேயே புதியதை ஏற்றினார், பழையதற்குத் திரும்பினார், மறுபடி ஏற்றினார், மறுபடி திரும்பினார். எதுவும் தொலையவில்லை. முதலில் கரையில் இருந்த சிலருக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பிறகுதான் மற்றவர்களுக்கு.

மாதங்கள் போயின. யாரிடமிருந்தும் ஒரு குறையும் வரவில்லை.

“மேடம், எல்லாரும் புதுசுக்கு வந்தாச்சு. பழைய பதிப்பு சர்வர்ல சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. எப்போ தூக்கலாம்?”

மெர்சலின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கடல்ல யாருமே இல்லாத நாள்னு ஒண்ணு வந்தா, அன்னைக்கு.”