கல்நண்டின் பிடி

அந்தக் காலத்தில், நண்டும் பறவையும் வாய் திறந்து சண்டை போட்ட காலத்தில், தென்கடல் ஓரத்துப் பாறை ஒன்றில் இரண்டு கூட்டம் நண்டுகள் இருந்தன. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பச்சை நண்டுகள் ஒரு கூட்டம். அதற்குத் தலைவன் பச்சைமுத்து. தடித்த கொடுக்கு வைத்த கல்நண்டுகள் இன்னொரு கூட்டம். அதில் மூத்தவள் செங்காத்தா. பாறையின் அடிவாரத்தில் ஈரம் வற்றாத பொந்துகள் இருந்தன. அவை யாருக்கு என்றுதான் நாள் தவறாமல் அடிதடி.

கடலம்மைக்குக் காது புளித்துப் போயிற்று. "எந்தக் கூட்டம் அதிகமோ, அதுக்கு அடிவாரம். மத்தது உச்சிப்பாறைக்குப் போகட்டும்" என்று சொல்லி, எண்ணிப் பார்க்க உள்ளான் குருவியை அனுப்பினாள்.

அது வந்த நேரத்தைப் பாருங்கள்! கல்நண்டுகள் ஓடு கழற்றும் நேரம். புது ஓடு இறுகும்வரை வெண்ணெய் மாதிரி உடம்போடு பொந்துக்குள்ளேயே கிடப்பார்கள். செங்காத்தாளின் தங்கையும் அப்படித்தான் கிடந்தாள். முன்னதாகவே ஓடு இறுகிவிட்ட செங்காத்தா மட்டும் வெளியே நின்றாள்.

"எல்லாரும் வெளிய வாங்க, எண்ணணும்" என்றது உள்ளான்.

"எப்படிவே வர? காக்கா ஒரே கொத்துல கொண்டு போயிரும். நீரே உள்ள எட்டிப் பாரும்!"

"குனிஞ்சா எனக்கு மூக்கு நனையும். கண்ணுல படாதது எண்ணிக்கையில வராது."

நாள் முழுக்கச் சேற்றில் மூக்கை விட்டு வயிறு வளர்க்கிற பறவை பேசுகிற பேச்சா இது? செங்காத்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதற்குள் பச்சைமுத்துவின் கூட்டம் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டது. உள்ளானுக்கு முன்னால் ஓடி, அந்தப் பக்கம் இறங்கி, பாறையைச் சுற்றி வந்து இந்தப் பக்கம் மறுபடி ஏறியது. இருந்ததோ முப்பது நண்டு. உள்ளான் இருநூற்றைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தது!

"அக்கா, உச்சிக்கு எங்களால ஏற முடியாதே, பாதி வழியிலேயே செத்துருவோமே" என்று பொந்துக்குள் தங்கை அழுதாள்.

"ஏலே, களவாணிப் பயலே!" என்று பாய்ந்து, ஓடிவந்த பச்சைமுத்துவின் காலைக் கவ்வினாள் செங்காத்தா. அவன் இழுத்தான். அவள் விடவில்லை. கடைசியில் காலை முறித்துப் போட்டுவிட்டு ஓடினான்.

ஓடியவன் அடங்கியிருக்கலாம். பேராசை விட்டதா? சுற்றி வந்து மறுபடி ஏறினான். "இருநூத்திப் பத்து" என்றது உள்ளான்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? முன்னமே எண்ணினவன்தான இவன்! ஏழு காலோட ஓடுதான் பாரும். எட்டாவது காலு இந்தா!" என்று கொடுக்கை உயர்த்தினாள் செங்காத்தா.

உள்ளான் பொந்துக்குள் குனிந்து பார்த்தது. அங்கே அறுபதுக்கு மேல் கிடந்தார்கள்.

கடலம்மை அலையாக எழுந்து வந்தாள். "ஓடி ஏமாத்தினவன் உச்சிப்பாறையில ஓடிக்கிட்டே கிட" என்று பச்சைமுத்துவின் கூட்டத்தை மேலே தள்ளினாள். பிறகு, "செங்காத்தா, ஜெயிச்சுட்டியே. இன்னும் என்ன கோபம்? அந்தக் காலை விடு" என்றாள்.

"விட மாட்டேன். நான் பிடிச்சதாலதான் என் தங்கச்சிக்கு உசுரு மிச்சம். இனி எவன நம்பி விடச் சொல்லுத?"

அன்று முதல்தான் பச்சை நண்டு நிழலைக் கண்டாலே ஓடுகிறது, மாட்டினால் காலை உதிர்த்துவிட்டுத் தப்புகிறது. கல்லுக்கடியில் கையை விட்டால், கல்நண்டு பிடித்த பிடியை விடுவதில்லை.