முனைவர் நாரையின் ஆய்வு

ஒரு காட்டில், குழந்தைகளே, புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. கூட்டம் குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது, இரண்டு மான்கள் மட்டும் குடிக்காமல் மேட்டில் காவல் நிற்கும். புலி வாடை அடித்தால் குரல் கொடுக்கும். மற்றவை குடித்து முடித்த பிறகுதான் இவை குடிக்க இறங்கும். அதற்குள் குளம் கலங்கிப் போயிருக்கும். அதனால் காவல் முறை வந்தாலே எல்லா மான்களும் முணுமுணுக்கும். தலைவர் மான் மட்டும் முணுமுணுக்காது, ஏனென்றால் அது ஒருநாளும் மேட்டில் நின்றதில்லை.

ஒருநாள் முனைவர் நாரை அங்கே வந்து இறங்கியது. எந்தக் கூட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதுதான் அதற்குப் பிழைப்பு. மேட்டில் நின்ற இரண்டையும் பார்த்து முகம் சுளித்தது.

"அந்த இருவரும் ஏன் சும்மா நிற்கிறார்கள்?"

"காவல் நிற்கிறார்கள், ஐயா" என்றது தலைவர் மான்.

"வீண் வேலை. காவலை நிறுத்திவிட்ட கூட்டங்களைப் பல காடுகளில் பார்த்தேன். ஒவ்வொரு மானிடமும் நேரில் கேட்டேன். வயிறு நிறையக் குடிக்கிறோம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை."

மற்றக் காட்டு மான்கள் நம்மை முந்திவிட்டனவே என்று தலைவர் மானுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றே காவலை நிறுத்தச் சொன்னது.

ஒரு தாய்மான் மட்டும் முன்னால் வந்தது. தன் குட்டிக்கு ஒரு கால் ஊனம், குரல் கேட்டு முன்கூட்டியே கிளம்பினால்தான் அதனால் தப்ப முடியும், காவல் இருக்கட்டும் என்று கெஞ்சியது.

"ஆராய்ச்சி செய்தவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா?" என்றது தலைவர் மான். மற்ற மான்கள் சிரித்தன. மறுநாள் மேட்டில் நிற்க வேண்டியிருந்தவை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தன.

சில நாள் எல்லா மான்களும் தெளிந்த தண்ணீர் குடித்தன. பிறகு புலி வந்தது. குரல் கொடுக்க மேட்டில் யாரும் இல்லை. கால் நன்றாக இருந்தவை ஓடிப் பிழைத்தன. தாய்மான் திரும்பிப் பார்த்தபோது குட்டி புலியின் வாயில் இருந்தது. அதற்குப் பிறகும் புலி அடிக்கடி வந்தது, கூட்டம் பாதியானது.

மழைக்காலம் முடிந்ததும் நாரை மறுபடி வந்தது. குளக்கரையில் நின்று ஒவ்வொரு மானிடமும் கேட்டது. தலைவர் பக்கத்திலேயே நின்றதால் எல்லா மான்களும் திருப்தி என்றன. தாய்மானின் முறை வந்தது.

"வயிறு நிறையக் குடிக்கிறாயா?"

"என் குட்டியைப் புலி தின்றுவிட்டது, ஐயா."

"அதை நான் கேட்கவில்லை. நீ குடிக்கிறாயா, இல்லையா?"

"குடிக்கிறேன். என் குட்டியிடம் எப்போது கேட்பீர்கள்?"

"தண்ணீர் குடிக்க வருபவர்களிடம்தான் கேட்க முடியும். வராதவர்களிடம் நான் எப்படிக் கேட்பது?"

மற்றக் காட்டு மான்கள் ஏன் ஒன்றுகூடக் குறை சொல்லவில்லை என்று தாய்மானுக்கு அப்போதுதான் விளங்கியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் நாரை அடுத்த மானிடம் போய்விட்டது.

"எங்கள் கூட்டத்தையும் ஆய்வில் சேர்ப்பீர்களா, ஐயா?" என்று தலைவர் மான் குழைந்தது.

"முதலில் உங்களைத்தான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, நாரை அடுத்த காட்டுக்குப் பறந்தது.

நீதி: பிழைத்தவர்களிடம் மட்டும் கேட்டால், செத்தவர்களுக்கும் குறையில்லை என்றே விடை வரும்.