வாத்து முகாமுக்கு வந்த காவல்காரன்

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய வாத்துக் கூட்டம் ஒன்று, காட்டுக்கு நடுவே ஒரு குளத்தில் இறங்கியது. மலையைப் பார்த்தாகிவிட்டது. அருவியைப் பார்த்தாகிவிட்டது. இனிக் கடல்தான் பாக்கி. அதற்குள் பூஞ்சிறகி என்ற வாத்துக்கு இறக்கை வீங்கிவிட்டது.

"சில நாள் இங்கேயே முகாம் போடுவோம்!" என்றது தலைவன் நெட்டைக்கழுத்தன். "பூஞ்சிறகி நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் பறக்க முடியும். அவளை விட்டுவிட்டுப் போய்க் கடலைப் பார்த்து என்ன கிழிக்கப்போகிறோம்?"

கரையில் பசும்புல். தண்ணீரில் நத்தை கொள்ளை கொள்ளையாகக் கிடந்தது. வாத்துகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு வட்டமாகப் படுத்தன.

அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவில் படுப்பவை இரண்டு கண்ணையும் மூடித் தூங்கலாம். ஓரத்தில் படுப்பவை வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பூஞ்சிறகிக்கு நடுவில் இடம் கிடைத்தது. மற்றவை முறை போட்டு ஓரத்தில் படுத்தன.

ஊர் சுற்ற வந்த இடத்தில் அரைத் தூக்கம் யாருக்குப் பிடிக்கும்? மறுநாளே முணுமுணுப்பு கிளம்பியது.

"நாம் ஓய்வெடுக்க வந்தோமா, காவல் காக்க வந்தோமா?" என்று அலுத்துக்கொண்டது உருளையன் என்ற குண்டு வாத்து.

கோரைப் புல்லுக்குள் இருந்த ஒரு காட்டுப்பூனையின் காதில் அது விழுந்தது. மெல்ல வெளியே வந்து பெரிய கும்பிடாகப் போட்டது.

"விருந்தாளிகளே! எங்கள் காட்டுக்கு வந்துவிட்டு நீங்கள் கண் விழிப்பதா? எங்களுக்கல்லவா அவமானம்! நான் காவல் இருக்கிறேன். நிம்மதியாகத் தூங்குங்கள்!"

"ஆகா, என்ன நல்ல மனசு!" என்றது உருளையன். நெட்டைக்கழுத்தனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பூஞ்சிறகி பூனையை ஏற இறங்கப் பார்த்தது. ஏதாவது நடந்தால் மற்றவை பறந்துவிடும். தன்னால் முடியாது. ஆனாலும் பயத்தை வெளியே காட்டவில்லை.

"ரொம்ப நன்றி ஐயா!" என்றது. "எங்கள் காவலுக்கு ஒரே ஒரு விதிதான். முதுகை எங்களுக்குக் காட்டி, காட்டைப் பார்த்து உட்கார வேண்டும்."

"இவ்வளவுதானே!" என்று பூனை திரும்பி உட்கார்ந்தது.

பூஞ்சிறகி தண்ணீரை ஒட்டி நகர்ந்து படுத்தது. "இன்று ஒரு நாள் எல்லோரும் பூனைப் பக்கத்துக் கண்ணை மூடாதீர்கள்," என்று கிசுகிசுத்தது. வாத்துகள் பொய்யாகக் குறட்டை விட்டன.

கொஞ்ச நேரத்தில் பூனையின் கழுத்து திரும்பியது. பிறகு பாதி உடம்பு திரும்பியது. காட்டுக்குள் ஏதோ சருகு சலசலத்தது. காவல்காரன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை! அதன் கண் பூஞ்சிறகியின் மேலேயே இருந்தது. வாயில் எச்சில் ஊறியது.

ஒரே பாய்ச்சல்!

"குதியுங்கள்!" என்று கத்தியபடி பூஞ்சிறகி தண்ணீருக்குள் சறுக்கியது. மற்றவையும் குதித்தன. பூனை மட்டும் கழுத்தளவு சேற்றில் விழுந்து தத்தளித்தது.

"காட்டைப் பார்க்கச் சொன்னேனே ஐயா!" என்று குளத்தின் நடுவிலிருந்து சிரித்தது பூஞ்சிறகி.

பூனை சொட்டச் சொட்ட ஓடியது. அன்று முதல் உருளையன் யாரும் கேட்காமலே ஓரத்தில் போய்ப் படுத்தது. பூஞ்சிறகி நடுவில் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கியது. வீக்கம் வடிந்தது. எல்லாம் சேர்ந்தே கடலைப் பார்க்கப் பறந்தன.

காவலுக்கு வருகிறவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் நாம் கண்ணை மூட வேண்டும்.